பதினேழு நிமிடப் பாலை

சனிக்கிழமை டூட்டியை மாற்றிக்கொண்டேன்.
எனக்குப் பதிலாகக் கிங்ஸ்லின்
களியக்காவிளை வண்டி எடுப்பான்.
அதற்கு ஈடாக அடுத்த ஞாயிறு
அவனுடைய இரண்டு ட்ரிப்பும் என் தலையில்.
அதிகம்தான்.
ஆனால் எப்சிபாவுக்கு லீவே முப்பது நாள்.
அதில் பத்தொன்பதைக் கல்யாண வீடுகளும் வங்கியும்
பல் ஆஸ்பத்திரியும் தின்றுவிட்டன.

"எங்க?" என்றாள்.
"பாலைவனம்" என்றேன்.
பின்சீட்டில் தொடங்கிய சிரிப்பு
வெள்ளிச்சந்தை தாண்டியும் அடங்கவில்லை.

சிரிக்கத்தான் செய்வாள்.
பிப்ரவரியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள்:
நடுப்பாலைவனத்தில்
யானை தும்பிக்கையை ஊன்றி நிற்பதுபோல ஒரு பாறை,
அதன்முன் ஆஸ்பத்திரித் தோழிகள் ஆறு பேர், இவள் ஏழாவது.
உலகமே வந்து பார்க்கும் பாறையாம்.
நான் அப்போது மார்த்தாண்டம் நெரிசலில்.
ஒரு கட்டைவிரலை அனுப்பிவைத்தேன்.
ராத்திரி டெப்போவில் படுத்துக்கொண்டு
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
பாறையை இல்லை, அவள் காலை.
புதுச் செருப்பு.
எனக்குத் தெரியாத செருப்பு.

முட்டத்தில் எல்லாரும்
கலங்கரை விளக்கத்துக்குத் திரும்பும் இடத்தில்
நான் திரும்பவில்லை.
பனைகளுக்குள் பைக்கை நிறுத்தி
"இன்னா பாரு" என்றேன்,
நானே லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல.

சிவப்பு.
செங்கல் சூளையில் மழை பெய்த சிவப்பு.
தண்ணீர் அறுத்த ஓடைகள், ஆளுயர மண்மதில்கள்,
வேரெல்லாம் வெளியே தெரிய
விழுவதா வேண்டாமா என்றொரு கொல்லாமரம்.
ஒட்டகம் இல்லை. ஓர் ஆடு நின்றது.
அதுவும் எங்களைப் பார்த்துவிட்டு
எங்கேயோ போய்விட்டது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தாள்,
யாருக்கோ நாடி பிடிப்பவள் மாதிரி.
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்
பதினேழு நிமிடம்.
"இவ்வளவுதானா ஒங்களுக்க பாலைவனம்?"
"நமக்கு இது போதும். அங்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பஸ்ல நாலரை மணி நேரம்.
நைட் டூட்டி முடிச்சு நேரா ஏறினேன், தூங்கிட்டேன்.
பாறை வந்ததும் எழுப்பினாளுவ.
எட்டு நிமிசம் நின்னிருப்பேன், படம் எடுத்தோம்,
திரும்பவும் தூங்கிட்டேன்.
செருப்புகூட லின்சிக்க செருப்பு.
எனக்க காலுல டூட்டி ஷூல்லா கிடந்தது."

நான் ஒன்றும் பேசவில்லை.
ஏழு மாதம் ஒரு செருப்பைச் சுமந்தவன்
என்னத்தைப் பேசுவது?

பாலை என்றால் பிரிவு என்று
பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.
அதற்கு மணல் கட்டாயமில்லை,
டெப்போவின் ஓய்வறை போதும்,
நாலு சதவீதத்தில் நிற்கும் போன் போதும் என்று
எந்த நோட்ஸிலும் இல்லை.

மண்மேட்டின் கடைசியில் கடல் இரைந்தது.
"பாலைவனத்துக்கு இந்தச் சத்தம் ஒத்துவரல்ல" என்றாள்.
கடலை நிறுத்தச் சொல்ல முடியுமா?
பையில் மட்டிப்பழம் ஏழு.
ஆளுக்கு மூன்று தின்றோம்.
ஏழாவதை நீ தின்னு, நீங்க தின்னுங்க என்று
இருபது நிமிடம் போனது,
பாலைவனத்தைவிட மூன்று நிமிடம் அதிகம்.
ஆடு திரும்பி வந்து
பேச்சுவார்த்தையை முடித்துவைத்தது.

"ஒரு படம் எடுங்க. ஆனா பாறை இல்லியே,
எதுக்கு முன்னால நிக்க?"
"எனக்கு முன்னால நில்லு."
நின்றாள்.
வெயில் அவளுக்குப் பின்னால் இருந்ததால்
முகம் கறுப்பாகத்தான் வந்தது.
இரண்டு பேரும் அதை அழிக்கவில்லை.

திங்கட்கிழமை ஐந்து பத்து வண்டி.
கிளட்சை மிதித்தபோது
ஷூவுக்குள் ஏதோ நறநறத்தது.
உதறலாம் என்று நினைத்தேன்.
வடசேரி போய்விட்டது.
இன்னும் ஒன்பது நாள்.

டெப்போவில் கிங்ஸ்லின் கேட்டான்:
"அப்படி என்னதான் இருக்கு அங்க?"
"ஒரு ஆடு உண்டு" என்றேன்.